எக்ஸிலிருந்து 3-ஐக் கழித்தால் வரைபடம் ஏன் வலப்புறம் நகர்கிறது?

சார்புக்கு வெளியே 2-ஐக் கூட்டினால் வரைபடம் 2 அலகு மேலே செல்வது இயல்பாகத் தோன்றும்போது, அடைப்புக்குறிக்குள் 3-ஐக் கழித்தால் மட்டும் அது இடப்புறம் செல்லாமல் வலப்புறம் செல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 'உள்ளே இருந்தால் எதிர்த்திசை' என்று மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். காரணம் புரியாமல் மனப்பாடம் செய்த விதி கைகொடுக்காது என்பதால், அதை ஒதுக்கிவிட்டு ஓரிரு புள்ளிகளைப் பின்தொடர்ந்து பார்ப்பதே நல்லது என்பேன்.

ஒய் = எக்ஸ்² என்னும் பரவளையத்தின் முனை ஆதிப்புள்ளியில் அமைவதற்குக் காரணம், வர்க்கப்படுத்தப்படும் எண் அங்கே 0 ஆவதுதான். ஒய் = (எக்ஸ் − 3)² என்பதில் அந்த எண் 0 ஆக வேண்டுமானால் எக்ஸின் மதிப்பு 3 ஆக இருந்தாக வேண்டும்; ஆகவே முனை (3, 0) என்ற புள்ளிக்கு வந்துவிடுகிறது. அவ்வாறே, பழைய வரைபடம் எக்ஸ் = 2 என்ற இடத்தில் எட்டிய 4 என்ற உயரத்தைப் புதிய வரைபடம் எக்ஸ் = 5 என்ற இடத்தில் எட்டுகிறது. உள்ளே நுழைந்ததும் 3 கழிந்துவிடுவதால், அதே விடையைப் பெற 3 கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதலே வலப்புற நகர்வு. வர்க்கமூலச் சார்பிலும் இதைக் காணலாம்: √எக்ஸ் 0-இல் தொடங்குகிறது, √(எக்ஸ் − 3) 3-இல் தொடங்குகிறது.

உண்மையில் இரு திசைகளுக்கும் விதி ஒன்றுதான். எழுதும் முறைதான் அதை மறைக்கிறது. ஒய் = (எக்ஸ் − 3)² + 2 என்பதில் 2-ஐ இடப்பக்கம் கொண்டுசென்றால் ஒய் − 2 = (எக்ஸ் − 3)² என்றாகும்; எக்ஸிலிருந்து 3 கழிந்ததால் வலப்புறம் 3, ஒய்யிலிருந்து 2 கழிந்ததால் மேலே 2, முனை (3, 2). (எக்ஸ் − 3)² + (ஒய் − 2)² = 25 என்ற வட்டத்தின் மையம் (3, 2) என்று தயங்காமல் சொல்கிறோமே, அதுவும் இதே விதிதான்.

ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஒய் = (2எக்ஸ் − 6)² என்பதைப் பார்த்தவுடன் ஒய் = (2எக்ஸ்)² என்பதன் வரைபடத்தை 6 அலகு நகர்த்தத் தோன்றும்; ஆனால் எக்ஸிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படுவது எவ்வளவு என்பதே நகர்வைத் தீர்மானிக்கிறது. 2-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுத்து (2(எக்ஸ் − 3))² என்று எழுதினால், நகர்வு 3 அலகு மட்டுமே என்பது தெரிந்துவிடும்.