வியர்க்காத சிறுமி

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். என் மாணவி ஒருத்திக்கு உடல் முழுக்கத் தோல் செதில் செதிலாக உரிகிறது. 'லாமெல்லார் இக்தியோசிஸ்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாசமாக இருந்தபோது தாய் பாம்பை அடித்ததால் வந்த சர்ப்ப தோஷம் என்கிறது ஊர். அப்பா மணந்திருப்பது சொந்த அக்காவின் மகளை. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, அவளைத் தனியே உட்காரவைக்கச் சொல்கிறார்கள் மற்ற பெற்றோர். மதியத்துக்கு மேல் முகம் சிவந்து சுருண்டு படுத்துவிடுகிறாள். கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை. பாடத்திலும் கவனம் இல்லை. நான் என்ன செய்வது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒட்டவே ஒட்டாது. கிருமியால் வருவதல்ல, மரபணுப் பழுது. தொடலாம், பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது அந்த மதிய நேரம். தோலின் மேலடுக்கை இறுகப் பிணைக்கும் ஒரு நொதி இந்நோயாளிகள் பலருக்கு வேலை செய்வதில்லை. அந்த நொதிக்கான மரபணுவின் பழுதே இதற்குக் காரணம் என்று 1995இல் கண்டறிந்தார்கள். பிணைப்பு தளர்ந்தால் உடலின் நீர் ஓயாமல் வெளியேறும். அதை ஈடுகட்ட உடல் தோலைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். அந்தத் தடிப்பு வியர்வைத் துளைகளை அடைத்துவிடுகிறது. வியர்க்காத உடம்பு சூட்டை எங்கே இறக்கும்? தருமபுரியின் சித்திரை வெயிலில் இது உயிருக்கே ஆபத்து. காலை வணக்கக் கூட்டத்தில் அவளை வெயிலில் நிறுத்தாதீர்கள். வகுப்பில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருக்கட்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் தலையையும் சட்டையையும் நனைத்துக்கொள்ளலாம் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிடுங்கள். தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறீர்களே, அவளுக்குக் காது கேட்கிறதா? இந்நோயில் செதில்கள் காதுத் துளைக்குள் சேர்ந்து அடைத்துக்கொள்வது சாதாரணம். காது மூக்கு தொண்டை மருத்துவர் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். கவனமில்லாதவள் என்று முடிவு கட்டும் முன் அதைச் செய்துவிடுங்கள். கீழிமை வெளிப்பக்கம் மடங்கியிருந்தால் தூங்கும்போதுகூடக் கண் முழுதாக மூடாது. அதையும் காட்ட வேண்டும்.

வீட்டில் வெகுநேரம் தண்ணீரில் ஊறக் குளித்து, ஈரம் காயும் முன்பே வாசலினோ மருத்துவர் தந்த களிம்போ தடவ வேண்டும். தினமும், வாழ்நாள் முழுக்க. செதிலை உதிர்க்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உடம்பெங்கும் பூசிவிட வேண்டாம். தோல் வழியே ரத்தத்தில் கலந்து நஞ்சாகிவிடும்.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குழந்தையின் நோயைத் தாயின் தலையில் கட்டுவது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. இந்நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகள் வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அப்பாவின் பெற்றோர்தானே அம்மாவுக்குத் தாத்தா பாட்டி? அவர்களில் ஒருவரிடமிருந்தே இருவருக்கும் அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது பழைய வழக்கம். அதற்காக இப்போது அவர்களைக் குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் அடுத்த குழந்தைக்கும் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகட்டும். குற்றவாளியைப் போல அவளை மட்டும் அனுப்பக் கூடாது.

'தொற்றாது' என்று மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். பெஞ்சை மட்டும் பிரித்துவிடாதீர்கள். கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பதில் சொல்லச் சேர்ந்து யோசிப்போம்.