வேட்பாளருக்கு நாமே காசு போட்டு விளம்பரம் செய்யலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் 12 பேர் சேர்ந்து 18,000 ரூபாய் வசூலித்திருக்கிறோம். எங்களுக்குப் பிடித்த சட்டமன்ற வேட்பாளருக்காக ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ விளம்பரமும் 2,000 நோட்டீஸும் போட ஆசை. "தேர்தல் கமிஷன் சான்றிதழை நானே வாங்கித் தருகிறேன், தனியாக 6,000 கொடுங்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 6,000 போனால்கூடப் பரவாயில்லை, அவர் நீட்டும் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களே, அதுதான் வினை. சமூக வலைதள அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கட்சியோ வேட்பாளரோ அல்லாத ஒருவர் அதைக் கேட்டால், 'இந்த விளம்பரம் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதாயம் தருவதற்காக அல்ல' என்று உறுதிமொழி தர வேண்டும். வீடியோ முழுக்க உங்கள் வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு வருவார், நீங்கள் அவருக்காக அல்ல என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். மாட்டினால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது, வேட்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வதே குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதுத் தண்டனைச் சட்டத்தின் 176-வது பிரிவு, 10,000 ரூபாய் வரை அபராதம். "அண்ணனே வாயால் சரி என்றார்" என்பது செல்லாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அனுமதி இல்லாமல் செலவு செய்துவிட்டு, 10 நாளுக்குள் வேட்பாளரிடம் எழுதி வாங்கிவிட்டால் குற்றமில்லை. ஆகா என்று துள்ளாதீர்கள். செலவு 10 ரூபாயைத் தாண்டக் கூடாது. பத்தாயிரம் அல்ல, பத்தே ரூபாய். வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வருகிற தொகை. 2024-ல் புதுச் சட்டம் வந்தபோது அபராதத்தை 500-லிருந்து 10,000 ஆக்கத் தெரிந்தது, இந்தப் பத்து ரூபாயைத் தொட யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அதில் ஒரு டீகூடச் சந்தேகம். வேட்பாளருக்கு 40 லட்சம் என்று வரம்பு வைத்துவிட்டு, கட்சியின் பொதுப் பிரசாரத்துக்கு உச்சவரம்பே வைக்காத ஊரில், உங்கள் தெருவுக்கு மட்டும் இவ்வளவு கறார்!

நோட்டீஸ் விஷயத்தில் அச்சகக்காரர் யாராவது, "அடியில் பேர் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம். இல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேசாமல் பணத்தை வேட்பாளரின் தேர்தல் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தை அவரே கொடுக்கட்டும், செலவும் அவர் கணக்கில் ஏறட்டும். ஏஜென்டிடம் ஏற்கெனவே வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் போய் அதைத் திருப்பி வாங்குங்கள்.