பூனை நனைத்த குவில்ட்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த தையல் கேள்விகளில் பல, வீட்டில் வளரும் பூனை, நாய்களால் துணிக்கு நேர்ந்த சேதத்தைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பல மாதங்கள் கையாலேயே தைத்து முடித்த குவில்ட் என்னும் பஞ்சடுக்குப் போர்வையை நாற்காலியில் மடித்து வைத்திருந்தேன். இரவில் பூனை அதன்மேல் சிறுநீர் கழித்துவிட்டது. காலையில் பார்த்ததும் சோப்பு நீரில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்துக் காயவைத்தேன். காய்ந்த பிறகு நாற்றம் தெரியவில்லை. ஆனால் மழை பெய்யும் நாளில் மறுபடி வீசுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் துடைத்தது மேல்துணியை. நாற்றம் இருப்பதோ நடுவில் உள்ள பஞ்சடுக்கில். மேல்துணி, பஞ்சடுக்கு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கித் தைத்த உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்றாலும் கறையைக் கண்டவுடன் நம் எல்லோருடைய கையும் மேல்துணிக்கே போகிறது. மேலே உள்ளங்கை அளவில் தெரியும் ஈரம் பஞ்சுக்குள் அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். மடித்து வைத்திருந்தீர்கள் என்பதால், கீழே இருந்த மடிப்புகளிலும் அது இறங்கியிருக்கக்கூடும். குவில்ட்டை முழுவதும் விரித்து, இரு பக்கமும் மூக்கை வைத்து முகர்ந்து, நாற்றம் உள்ள எல்லா இடங்களையும் முதலில் கண்டுபிடியுங்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தாலும் சிறுநீர்க்கறை ஒளிரும். ஆனால் வெள்ளைப் பருத்தித் துணிகளில் சேர்க்கப்படும் வெளுப்பூட்டியும், சோப்புத்தூளில் உள்ள பொருள்களும் அதே ஒளியில் பளிச்சென்று தெரியும் என்பதால், டார்ச்சைவிட மூக்கையே நான் நம்புவேன்.

மழை நாளில் நாற்றம் திரும்புவதற்குக் காரணம் உண்டு. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. பூனையின் சிறுநீரில் இதற்கு மேல் ஃபெலினைன் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. அதற்குத் தனியாக வாசனை கிடையாது. அது மெல்ல உடைந்து கந்தகம் கலந்த பொருளாக மாறும்போதுதான் பூனை நாற்றம் என்று நாம் சொல்லும் அந்தக் காட்டமான நெடி வருகிறது. எனவே புதிதாக இருக்கும்போது இலேசாக இருந்த நாற்றம் நாள்பட நாள்பட ஏறும். காய்ந்து பஞ்சில் தங்கிவிட்ட எச்சம், காற்றில் ஈரம் கூடியவுடன் மறுபடி நெடியை வெளிவிடும்.

தீர்வு, முழுக் குவில்ட்டையும் நனைப்பதுதான். அதற்கு முன் சாயத்தைச் சோதித்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி, குவில்ட்டில் உள்ள ஒவ்வொரு நிறத்தின்மேலும், குறிப்பாகச் சிவப்பு, கருநீலம், கருப்பு ஆகியவற்றின்மேல், அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் வீட்டில் ஊறவைக்க வேண்டாம். நீரில் துணி வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டாவிட்டால் குளியல் தொட்டியிலோ பெரிய தொட்டியிலோ குளிர்ந்த நீரை நிரப்பி, அடியில் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் குவில்ட்டை இறக்குங்கள். முறுக்கவோ தேய்க்கவோ கூடாது. ரொட்டி மாவை அழுத்துவதுபோல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீரைப் பஞ்சுக்குள் செலுத்தி, பிறகு அழுத்தியே வெளியேற்றுங்கள். நீர் தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நான்கைந்து முறை ஆகலாம்.

அடுத்து, விலங்குகளின் சிறுநீருக்கென்று விற்கப்படும் நொதிக் கரைசலை, அதாவது என்சைம் கிளீனரை, நாற்றம் உள்ள இடத்தில் பஞ்சுவரை நனையும்படி ஊற்றுங்கள். புட்டியில் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவு நேரமும் அது காயக்கூடாது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டால் போதும். தெளித்தேன், ஐந்து நிமிடத்தில் துடைத்தேன், பயனில்லை என்று எழுதுபவர்கள் பலர். நொதி என்பது சோப்பைப்போல் அழுக்கைக் கரைத்து அகற்றுவதில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சிதைக்கிறது. அதற்கு நேரமும் ஈரமும் வேண்டும். கொதிக்கும் நீரும் கிருமிநாசினியும் அதன் வேலையைக் கெடுத்துவிடும். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து அலசுவது அம்மோனியா நெடியைக் குறைக்கும் என்றாலும், அதை நொதியுடன் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து நுரை பொங்கவைப்பவர்களும் உண்டு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், பார்ப்பதற்கு அழகாக இருப்பதைத் தவிர அந்த நுரையால் பெரிய பலனில்லை.

கடைசியாக மென்மையான சோப்பில் அலசி, விரிப்பின் நான்கு முனைகளையும் இருவர் பிடித்துக் குவில்ட்டைத் தூக்குங்கள். நீர் குடித்த பஞ்சின் எடை முழுவதும் ஒரு ஓரத்தில் தொங்கினால் கைத்தையல் இழைகள் அறுந்துவிடும். கொடியில் போடாமல் தட்டையாக விரித்து நிழலில் காயவையுங்கள். முழுவதும் காய்ந்தபின், நாற்றம் இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் நெடி இல்லை என்றால் வேலை முடிந்தது. இருந்தால் நொதியை மறுபடி ஊற்றுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று சுற்று ஆவது இயல்பே.

குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசலை மட்டும் எக்காரணம் கொண்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது சிறுநீரில் உள்ள அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு உண்டாகும். வினிகருடன் சேர்ந்தால் குளோரின் வாயுவே வெளிவரும். கதவை மூடிய குளியலறையில் குனிந்து துவைத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டுமே ஆபத்து.

கேள்வி: 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி அடுக்கி வைத்திருந்த பருத்தித் துணிகளில் மேலே இருந்த இருபதை நாய்க்குட்டி நனைத்துவிட்டது. அவற்றை மட்டும் துவைத்து எடுத்துக்கொள்ளலாமா? இயந்திரத்தில் போடலாமா?

பதில்: அதே துணி இன்னும் மீதம் இருந்தால், அந்த இருபதைக் கழித்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். சிக்கனம் பேசுகிற நானே இதைச் சொல்கிறேன் என்றால் அதற்குக் கணக்கு இருக்கிறது. துவைக்காத பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது வழக்கம். 3 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 5 அங்குலச் சதுரத்தில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் குறையும். இருபது சதுரங்களை ஒரே வரிசையாகத் தைத்தால் அந்த வரிசை பக்கத்து வரிசையைவிட ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் குட்டையாக நிற்கும். பிறகு எப்படி இழுத்துத் தைத்தாலும் மூலைகள் சேரா.

மீதத் துணி இல்லை என்றால், நனைந்தவற்றோடு நனையாதவற்றையும் சேர்த்து எல்லாச் சதுரங்களையும் துவைத்துக் காயவைத்து, சிறியதாகிப்போன அளவுக்கே எல்லாவற்றையும் மறுபடி சீராக வெட்டிக்கொள்ளுங்கள். இயந்திரம் வேண்டாம். வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கி, வெளியே எடுக்கும்போது கூடு கட்டியதுபோல் இருக்கும். தையலுக்கு விட்டிருக்கும் கால் அங்குல ஓரத்தில் பாதி பிரிந்துபோனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் ஐந்தைந்தாகப் போட்டு, கிளறாமல் மூழ்கவைத்து எடுத்து, துண்டின்மேல் பரப்பிக் காயவையுங்கள். குறுக்காக வெட்டிய துண்டுகள் இருந்தால் ஈரத்தில் இழுக்காதீர்கள், நீண்டுவிடும்.

நாற்றம் முழுவதும் போனது உறுதியாகும்வரை இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை எங்கள் வீட்டுப் பூனை துணி அடுக்கின் ஓரத்தை நனைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளிர் மஞ்சள் துணி என்பதால் கறையும் கண்ணில் படவில்லை. நீராவி விட்டுத் தேய்த்த அடுத்த நொடி, அறை முழுவதும் அந்த நெடி எழுந்தது. துணியில் பழுப்பு விளிம்புடன் ஒரு வட்டம் தெரிந்தது. அந்த விளிம்பு கடைசிவரை போகவில்லை. நீலக் குறிப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கைதான். குளிர்ந்த நீரில் மறைய வேண்டிய அந்த மை, சூடு பட்டால் துணியிலேயே நிலைத்துவிடும்.

கேள்வி: தைத்துக்கொண்டிருந்த துணியில் நாய் வாந்தி எடுத்துவிட்டது. உடனே வெந்நீரில் கழுவியும் மஞ்சள் கறை நிற்கிறது.

பதில்: வெந்நீர்தான் தவறு. வாந்தியிலும் இரத்தத்திலும் புரதம் உண்டு. சூடுபட்டால் அது உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். இனி அப்படி நேர்ந்தால், மழுங்கிய கத்தி அல்லது கரண்டியின் ஓரத்தால் மேலே உள்ளதை வழித்தெடுத்துவிட்டு, துணியின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை விடுங்கள். முன்புறத்திலிருந்து விட்டால் கறை இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். இப்போது நிற்கும் கறைக்கு, நொதி கலந்த சோப்பைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைக்கலாம். நிறத்துணியில் அது சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும்.

சேற்றுக்கால் தடத்துக்கு மட்டும் இந்த அவசரம் ஆகாது. சேறு முழுவதும் காயும்வரை விட்டுவிட்டு, உதிர்த்துத் தூரிகையால் தட்டிய பிறகே நனைக்க வேண்டும்.

கேள்வி: பழைய பட்டுத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்க எடுத்து வைத்திருந்தேன். பூனை நனைத்துவிட்டது. நொதிக் கரைசல் ஊற்றலாமா?

பதில்: கூடாது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இத்தகைய கரைசல்கள் பலவற்றில் சேர்க்கப்படுகின்றன. பட்டும் கம்பளியும் புரத இழைகளே. கறையைத் தின்னும் நொதி இழையையும் தின்னும். உறிஞ்சும் வெள்ளைத் துணியை மேலும் கீழும் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, சாயம் நிற்கிறதா என்று சோதித்த பிறகு, குளிர்ந்த நீரில் ஒரு துளி மென்சோப்புடன் அலசுங்கள். சாயம் நிற்காவிட்டால் சலவை நிபுணரிடம் கொடுக்கலாம். ஆனால் அது சிறுநீர்க்கறை என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். உலர்சலவையில் பயன்படும் கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குமே தவிர, நீரில் கரையும் உப்புகளைத் தனியாகக் கவனிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடும்.

கேள்வி: பூனை தையல் அறைக்குள் வராமல் இருக்கப் பினாயில் தெளித்து, துணிப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருக்கிறேன். இது சரியா?

பதில்: இரண்டையும் இன்றே அகற்றிவிடுங்கள். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கினாலே நஞ்சாகும். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீனும் அப்படியே. மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் பெட்டியும், சாத்திய கதவும் செய்யாததை இவை செய்துவிடப் போவதில்லை.

அதைவிட, பூனை ஏன் துணியைத் தேடி வருகிறது என்று பாருங்கள். அதன் மணல்தட்டு அழுக்காக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தும் தட்டு ஒன்றே இருக்கலாம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் கணக்கு. பழைய நெடி மிஞ்சியிருக்கும் இடத்துக்கு அது திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று மாறினால் சிறுநீர்ப்பாதை நோயாகவும் இருக்கக்கூடும். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமலோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால், அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய அடைப்பின் அறிகுறி. துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஊசியில் கோத்து வைத்திருந்த நூலைப் பூனை விழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன். வாயோரம் நூல் முனை தெரிகிறது. மெல்ல இழுத்து எடுத்துவிடலாமா?

பதில்: தனிக் கடிதமாக உங்களுக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இழுக்கவே கூடாது. வாயில் தெரிந்தாலும், பின்பக்கம் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டிருக்க, மறுமுனையைக் குடல் தன் அசைவால் முன்னே தள்ளிக்கொண்டே போகும். அப்போது பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல் குடல் நூலின்மேல் கொசுவிக்கொள்ளும். இறுகிய நூல் குடல்சுவரை ரம்பம்போல் அறுக்கும். நாம் இழுப்பது அந்த அறுப்பை விரைவுபடுத்துவதாகும். ஊசியும் கூடவே போயிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. நூலை வெட்டவும் வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். சாப்பிட மறுக்கிறதா, வாந்தி எடுக்கிறதா என்று காத்திருந்து பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த நூல், எவ்வளவு நீளம், ஊசி இருந்ததா என்பவற்றை அவர் கேட்பார் என்பதால், மீதமுள்ள நூற்கண்டையும் அதே அளவு ஊசி ஒன்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.