கழுத்துக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

கேள்வி: ஐஸ் ஹாக்கி விதிகளை மாற்றி மாற்றி ஆட்டத்தின் முரட்டு அழகையே கெடுத்துவிட்டார்கள். இப்போது 2026-27 பருவத்திலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கழுத்துக் காப்பு கட்டாயம் என்கிறது வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டுமே, என்ன அவசரம்?
- டொரன்டோ வாசகர்

பதில்: என்.எச்.எல். அவசரப்பட்டால் எப்படியிருக்கும் என்று 2008-இல் பார்த்தோம். ஏப்ரல் 13, கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் ஓர் ஆட்டம். நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஷான் ஏவரி, பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல், நியூஜெர்சியின் கோலி, அதாவது கோல்காப்பாளர், மார்ட்டின் ப்ரோடோரின் முகத்துக்கு நேராக நின்று கையையும் மட்டையையும் ஆட்டி மறைத்தார். அதைத் தடுக்க விதி எதுவும் இருக்கவில்லை. மறுநாளே லீக் அறிவித்துவிட்டது: இனி அப்படிச் செய்தால் பெனால்டி.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரி 10 அன்று பஃபலோவில் நடந்ததையும் பாருங்கள். ஃப்ளோரிடா வீரர் ரிச்சர்ட் ஸெட்னிக்கின் கழுத்துத் தமனியை, தடுமாறி விழுந்த சக வீரரின் ஸ்கேட் பிளேடு அறுத்துவிட்டது. கழுத்தைப் பொத்திக்கொண்டு, ரத்தம் சிந்தச் சிந்த, தானே சறுக்கி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சையால் பிழைத்தார். அதே ஊரில் 1989-இல் கோலி கிளின்ட் மலார்ச்சுக்குக்கும் இதே கதிதான். முன்பு ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த அணியின் ட்ரெய்னர் ஜிம் பிசுடெல்லி ஓடிவந்து, அறுபட்ட நாளத்தை விரல்களால் இறுக்கிப் பிடித்ததால்தான் அவர் உயிர் தங்கியது. இந்த இரண்டுக்கும் பிறகு லீக் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கவில்லை.

கோல் கணக்கு என்றால் லீக் உடனே எழுந்துகொள்ளும். 1929-இல் முன்னோக்கி பாஸ் செய்ய எங்கும் அனுமதித்தார்கள், கோல்கள் கொட்டின. பருவம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் டிசம்பரிலேயே, பக்குக்கு முன்பாக எதிரணிப் பகுதிக்குள் நுழைவதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியைக் கொண்டுவந்தார்கள். தலை என்றால்? மின்னசோட்டா வீரர் பில் மாஸ்டர்ட்டன் தலையில் அடிபட்டு இறந்தது 1968-இல். ஹெல்மெட் கட்டாயமானது 1979-இல், அதுவும் புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு மட்டும். கிரெய்க் மாக்டாவிஷ் 1997 வரை வெறுந்தலையோடு ஆடினார். 2013-இல் கண்ணைக் காக்கும் வைசருக்கும் இதே வழிதான்.

வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்கிறீர்கள். சரி, இத்தனை வருடம் அப்படித்தானே இருந்தது? கனடாவில் சிறுவர்கள் கழுத்துக் காப்பு இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. அதைப் போட்டே வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்ததும் கழற்றிவிட்டார்கள். மூத்தவர்கள் யாரும் போடாத அணியின் உடைமாற்றும் அறையில் பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் போட்டுக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முரட்டு அழகு எங்கேயும் போய்விடவில்லை. தோளால் இடிக்கலாம், கைகலப்புக்கு இன்றும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனைதான். வெட்டுத் தாங்கும் துணிப்பட்டை இதில் எதைக் கெடுக்கும்?

2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் கழுத்து அறுபட்டு இறந்தார். வயது 29, என்.எச்.எல்.லில் பிட்ஸ்பர்க்குக்கு ஆடியவர். அவர் அப்போது ஆடிய பிரிட்டன் லீக் 2024 ஜனவரியிலேயே எல்லா வீரர்களுக்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. என்.எச்.எல்.லும் வீரர் சங்கமும் சேர்ந்து எடுத்த முடிவோ, ஏற்கெனவே ஆடுகிறவர்களைத் தொடவில்லை. 2025-இல் நுழைந்த இளைஞர் 2040 வரைகூடக் கழுத்தைத் திறந்துபோட்டு ஆடலாம். இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து, அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும்.