16,383 கோர்கள் ஒருவனுக்காகக் காத்திருந்த கதை

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஊர் கோபி பக்கம், கோவையில் எம்.இ. முடித்தாயிற்று, ஜெர்மனியில் பேரலல் கம்ப்யூட்டிங்கில் (ஒரே கணக்கைப் பல பிராசஸர்கள் பங்கிட்டுச் செய்கிற துறை) பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. "இருக்கிற புரோகிராமை வேகமாக ஓட்டுவதெல்லாம் ஆராய்ச்சியா அக்கா? இதை நம்பி நாலஞ்சு வருஷம் வந்து உட்காரலாமா? அங்கே வாழ்க்கை எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். சைவமாக இருக்க முடியுமா என்பது அம்மாவின் கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சோமனூர்க்காரி. 2011 அக்டோபரில் வந்தேன். வந்த புதிதில் அப்பா போனில் கேட்டார், "அங்க என்ன வேலைதான் பண்றே கண்ணு?" பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம் எங்கே மெதுவாகிறது என்று பார்த்துச் சரிசெய்கிற வேலை என்றேன். "அப்ப தறி மெக்கானிக்குனு சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுப் பின்னால் எட்டுத் தறி. கூலிக்கு ஓட்டுவதுதான். எட்டும் ஒன்றாக ஓடும்போது வாசலில் நின்று பேச முடியாது, அவ்வளவு சத்தம். ஒரே நாளில் மூன்று தறியில் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், தீர்ந்துவிட்டால்தான் சிக்கல். ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் பிணைக்க வருகிறவர் ஒருவர்தான். அவர் முதல் தறியில் உட்கார்ந்தால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். பத்துத் தறி வாங்கிப் போட்டாலும் அவர் கை வேகம் கூடாது. 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்னது இதைத்தான். வேலையில் 5 சதவீதம் ஒருவரே செய்தாக வேண்டியது என்றால், எத்தனை பிராசஸர் சேர்த்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் ஆயிரம் மடங்கோடு சரி. நான் வந்த கொஞ்ச நாளில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் யூக்வீன் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. 28 ரேக் (அலமாரி), 4,58,752 கோர். கோர் என்றால் தனியாகக் கணக்குப் போடுகிற ஒரு குட்டி பிராசஸர். ஆயிரம் மடங்கோடு நிற்கிற புரோகிராமுக்கு அதில் என்ன வேலை?

இன்னொன்று, அதன் ஒவ்வொரு கோரும் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். என் லேப்டாப் அதைவிட வேகம். கூட்டமாகச் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

முதல் வருஷம் ஒரு குழுவின் திரவ ஓட்டக் கணக்குப் புரோகிராமை என் கையில் கொடுத்தார்கள். ஒரு ரேக்கில், அதாவது 16,384 கோரில், ஓட 41 நிமிஷம் ஆயிற்று. அரை ரேக்கில் ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதே நேரம். எனக்கோ ஊரில் படித்த திமிர். உள்ளே திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்தான் காரணம் என்று முடிவுகட்டி, அதைப் பிரித்து, விரித்து, பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடுகிற வெக்டர் கட்டளைகள் எல்லாம் போட்டு மூன்று வாரம் மாரடித்தேன். 4 சதவீதம் மிச்சமாயிற்று. பெருமையாகக் காட்டினேன். என் பேராசிரியர் நான் போட்ட வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "அளந்துவிட்டுத்தான் தொடங்கினாயா?" என்று மட்டும் கேட்டார். அளக்கவில்லை.

சரி என்று 64 பிராசஸில் (கோருக்கு ஒன்றாக ஓடுகிற புரோகிராமின் பிரதிதான் பிராசஸ்) சின்னதாக ஓட்டிப் பதிவெடுத்து, டிரெஸ்டனில் வளர்த்தெடுத்த வாம்பிர் என்ற கருவியில் திறந்தேன். அதில் ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு கிடைக்கோடு. கணக்குப் போடும் நேரம் பச்சை. செய்தி அனுப்புவதும் அதற்காகக் காத்திருப்பதும் சிவப்பு. திரை நிறைய ஒரே சிவப்பு, மேலே பூஜ்யமாம் பிராசஸ் மட்டும் பச்சை! கணக்கின் நூறு படிக்கு ஒருமுறை முடிவுகளை எல்லாம் அது ஒன்றே வாங்கி, தானே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் அது முடிக்கட்டும் என்று நின்றன. ஒரு ரேக்கில் 16,383 பேர் நிற்பார்கள். எங்கள் பாவு பிணைக்கிறவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். எல்லாப் பிராசஸும் சேர்ந்தே ஒரு கோப்பில் எழுதும்படி எம்.பி.ஐ.-ஐ.ஓ. என்ற முறைக்கு மாற்றினேன். நாலு நாள் வேலை. 41 நிமிஷம் 19 ஆயிற்று. மூன்று வாரம் தேய்த்த அந்த லூப்பை யாரும் அப்புறம் தொடவே இல்லை.

இது ரிப்பேர்தானே, ஆராய்ச்சி எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு புரோகிராமைச் சரிசெய்தால் அது ரிப்பேர். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், யார் யாருக்காக நிற்கிறார்கள், அந்தக் காத்திருப்பு முதலில் எங்கே பிறந்தது என்பதைக் கருவியே தேடிச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினால் அங்கேயிருந்து ஆராய்ச்சி. யூலிஷின் ஸ்கலாஸ்கா என்ற கருவி அப்படி வளர்ந்ததுதான். காத்திருப்பு தெரிகிற இடமும் அதற்குக் காரணமான இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இங்கே ஒருவன் கொஞ்சம் தாமதித்தால், பத்துப் படி தள்ளி வேறொருவன் நிற்பான். அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவது நல்ல புதிர்.

இன்னொரு பக்கம் மெமரி. யூக்வீனின் ஒரு நோடு (16 கோரும் அவற்றுக்கான மெமரியும் சேர்ந்த ஒரு தொகுதி) நொடிக்கு 20,480 கோடி கணக்குப் போடும். ஆனால் மெமரியிலிருந்து நொடிக்கு 42.6 கிகாபைட்தான் வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எட்டு பைட் எண் ஒன்று வந்து சேர்கிற நேரத்தில் 38 கணக்கு போட்டிருக்கலாம். தறி வேகமாகத்தான் ஓடுகிறது, நூல் வந்தால்தானே? உங்கள் புரோகிராம் கொண்டுவந்த எண்ணை ஒரு தடவை பெருக்கிவிட்டுத் தூக்கிப் போடுகிற ஜாதி என்றால், நீங்கள் தலைகீழாக நின்றாலும் அந்த இயந்திரத்தின் முழு வேகம் கிடைக்காது. எவ்வளவுதான் கிடைக்கும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டுகிற ரூஃப்லைன் என்ற மாடல் பற்றிய கட்டுரை 2009-ல் வெளிவந்தது. வருவதற்கு முன் அந்த ஒன்றையாவது படித்துவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனையும் செய்யுங்கள். எட்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற வேலையாட்கள்), ஆளுக்கு எண்ணிக்கை வைக்க ஒரு எட்டு பைட் கவுண்டர், எட்டையும் மெமரியில் ஒரே அரேயில் வரிசையாக வைத்து கோடி தடவை கூட்டச் சொல்லுங்கள். கம்பைலர் கவுண்டரை பிராசஸருக்குள்ளேயே இருக்கிற ரெஜிஸ்டரில் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் மெமரியில் எழுத விடுங்கள். யாரும் யார் கவுண்டரையும் தொடுவதில்லை, ஆனாலும் படுமெதுவாக ஓடும். காரணம், பிராசஸர் மெமரியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கும். அந்தத் துண்டுதான் கேஷ் லைன், பெரும்பாலும் 64 பைட். எட்டு கவுண்டரும் ஒரே லைனில் உட்கார்ந்துவிடும். எட்டுப் பேர் ஒரே முறத்தைப் பிடித்து இழுத்துப் புடைக்கிற மாதிரி. கவுண்டருக்கு நடுவே இடம் விட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போனால் இந்தத் துறை உங்களுக்குச் சரிப்படும். "ஓ, அப்படியா" என்று போய்ப் படுத்துவிட்டால் வேறு துறை பாருங்கள். தப்பில்லை.

இனி கசப்பான பகுதி. 2018-ல் யூக்வீனை நிறுத்திவிட்டார்கள். அதற்கென்றே நான் நாலு வருஷம் கற்ற வித்தைகள், அதன் ஐந்து பரிமாண நெட்வொர்க்கில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம், அன்றோடு செல்லாக்காசு. அடுத்து வந்தவற்றில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், ராஜ்ஜியம். 2025 செப்டம்பரில் அதே யூலிஷில் திறந்த ஜூபிட்டரில் சுமார் 24,000 ஜிபியு சிப்புகள். முப்பத்தைந்து வயதில் முதல் வருஷ மாணவி மாதிரி மறுபடி படித்தேன். இரண்டு மாதம் ஒன்றும் புரியவில்லை. வாம்பிரில் சிவப்பு எங்கே என்று தேடுகிற பழக்கம் மட்டும்தான் கைகொடுத்தது.

அதைவிட மோசம் வேலை ஒப்பந்தம். இங்கே பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிற ஊழியர், அது நல்ல விஷயம். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு போலக் கைக்கு வரும். தனி ஆளுக்குத் தாராளம். ஆனால் அறிவியல் ஊழியரைத் தற்காலிகமாக வைத்திருக்க ஒரு சட்டம் இருக்கிறது: பொதுவாக முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம். அந்த வரம்பு தீர்வதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டும். பட்டம் வாங்கியபின் எனக்கு மூன்று ஒப்பந்தம். ஒன்று வெறும் எட்டு மாதம். வீட்டு உரிமையாளரிடம் அதைக் காட்டி வாடகைக்குக் கேட்கும்போது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பேராசிரியர் ஆகிறவர்கள் கொஞ்சம் பேர். நான் ஆகவில்லை. இப்போது ஒரு கணினி மையத்தில் மற்றவர்கள் புரோகிராமைப் பார்த்துக் கொடுக்கிற குழுவில் நிரந்தர வேலை. மெக்கானிக்தான்.

அந்த எட்டு மாத ஒப்பந்தத்தின்போதுதான் அப்பச்சி (தாத்தா) தவறிப்போனார். என் தங்கும் அனுமதி அட்டை முடிந்து புதியது வரவில்லை. வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கேட்டால் ஏழு வாரம் கழித்து. போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நான் போகவில்லை. சாங்கியத்தை வீடியோவில் பார்த்தேன். அட்டை முடிகிறதற்கு நாலு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், காகிதம் ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வையுங்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும், அந்த அரசு அலுவலகங்களில் போதாது. அதனால் ஊரிலேயே ஜெர்மன் மொழியை பி1 நிலை வரை படித்துவிட்டு வந்தால் பாதி அழுகை குறையும்.

மற்றபடி வாழ்க்கை ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அதுதான் முதல் வருஷம் ஆளைச் சாய்க்கும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும். ஹாம் நகரில் அவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, தேருக்குப் போனால் ஊர்த் திருவிழா மாதிரியே கூட்டம். நான் "ஏனுங்க" என்றால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் "கதைப்பம்" என்றால் நான் சிரிப்பேன்.

இதற்காக வெளிநாடுதான் வர வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் பரம் பிரவேகா, திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் என்று சூப்பர் கம்ப்யூட்டர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வந்த இடத்தின் பெயரைவிட யாரிடம் சேர்கிறீர்கள் என்பது முக்கியம். அடுத்த அழைப்பில் உங்கள் பேராசிரியரிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒப்பந்தம் முழு வேலையா பாதி வேலையா, எத்தனை வருஷத்துக்கு? எந்த இயந்திரத்தில் எவ்வளவு கோர்-மணி நேரம் (எத்தனை கோர், எத்தனை மணி நேரம் என்பதன் பெருக்கல்) கிடைக்கும்? அவரிடம் கடைசியாகப் படித்து முடித்த மூன்று பேர் இப்போது எங்கே? மூன்றாவதற்கு மழுப்பினால் யோசியுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சைவமாகத் தாராளமாக இருக்கலாம். அரிசியும் பருப்பும் இருந்தால் அரிசிம்பருப்பு சாதம் ஆயிற்று. நான் சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழிகிற இரும்பு மிஷினையே பெட்டியில் வைத்து வந்தவள். விமான நிலையத்தில் திறக்கச் சொல்லி, இரண்டு அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திருக ஒருவர், பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதால் பிழிகிற நாளில் எதிர்வீட்டு ஜெர்மன் பாட்டியைக் கூப்பிட்டுக்கொள்வேன். அவருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் பிடிக்கும்.