வேதியியல் படித்தவன் வீட்டிலேயே ரோமன் கேண்டில் செய்யலாமா? கலவை விகிதம் எங்கே கிடைக்கும்?

விகிதம் கிடைத்தால் மீதியை நானே பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீதிதான் ரோமன் கேண்டில், அதாவது எரியும் வண்ண மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வானில் எறியும் காகிதக் குழல். உரிமம் பெற்ற வாணவேடிக்கை ஆர்வலர் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் முதல் நாளே இதைத்தான் சொல்கிறார்கள். உங்களிடம் ஒரு தனி அறை இருக்கிறது, வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள்.

அந்தக் குழலுக்குள் நடப்பதைப் பாருங்கள். உச்சியில் திரி. அதன் கீழே மெதுவாக எரியும் மருந்து, பிறகு வண்ண மணி (நிறத்தோடு எரியும் மருந்து உருண்டை), அதற்கும் கீழே மணியை வெளியே தள்ளும் மருந்து. இதே அடுக்கு மறுபடி மறுபடி வருகிறது. நெருப்பு மேலிருந்து கீழே இறங்கி, மணியின் ஓரத்து இடுக்கு வழியாகப் புகுந்து, மணியையும் பற்றவைத்து, தள்ளும் மருந்தையும் பற்றவைக்க வேண்டும். இடுக்கு அதிகமானால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும். மணி உயரம் போகாமல் எரிந்துகொண்டே தரையில் விழும். மணி இறுகிப்போனால் குழலே கிழியும். மெதுவாக எரியும் மருந்துக்கும் குழலின் சுவருக்கும் நடுவே சிறு பிளவு இருந்துவிட்டாலோ, நெருப்பு வரிசைக்குக் காத்திருக்காது. குறுக்கு வழியில் அடியடுக்கு வரை இறங்கிவிடும். எந்த விகிதமும் இந்த இடுக்கை அளந்து கொடுப்பதில்லை.

உங்களைப் போலவே ஒருவர் எங்களிடம் வந்தார். வேதியியலில் முதுகலை. ஒரு குறிப்பேடு நிறைய விகிதங்கள். அவற்றில் தவறு எதுவும் இருந்ததாக நினைவில்லை. குழல் சுற்றப் பழகுங்கள் என்று எங்கள் மூத்தவர் சொன்னபோது அவருக்கு அது அவமானமாக இருந்தது. எனக்கு அப்படி இருந்ததில்லை. ஒரு பருவம் முழுவதும் நான் காகிதமும் பசையும் மட்டுமே தொட்டேன். நான் சுற்றிய குழலை விரலால் சுண்டி ஓசை கேட்டுவிட்டு மூத்தவர் பேசாமல் அடுக்கில் வைத்த நாளை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன். அந்த நண்பர் தாமே அடைத்த குழலைத் திடலில் மணலுக்குள் பாதி புதைத்து, எல்லோரும் தொலைவில் நின்று மின்திரியால் பற்றவைத்தோம். முதல் மணி அழகாகப் போனது. அடுத்ததும் அதற்கு அடுத்ததும் ஒன்றாகச் சீறின. பிறகு மௌனம். அவர் முடிந்துவிட்டது என்று காலெடுத்து வைத்தார். மூத்தவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "நில்லுங்கள் தம்பி, அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது" என்றார். சற்று நேரம் கழித்து மிச்சமிருந்த மணியெல்லாம் குழலின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. கனன்றுகொண்டிருக்கும் மருந்து வெளியே தெரியாது. அந்த நண்பர் அதன்பின் சங்கத்துக்கு வரவில்லை. அவர் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. நல்ல கைகள் அவருக்கு.

வேதியியல் அறிவு காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள். 1788இல் பிரான்சின் எஸ்ஸோன் நகரில், வெடியுப்புக்கு (பொட்டாசியம் நைட்ரேட்) பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைப் பயன்படுத்தி வெடிமருந்து செய்து பார்த்தார்கள். அந்த உப்பை உலகுக்குத் தந்த வேதியியலாளர் பெர்தோலே அங்கே இருந்தார்; இன்னொரு பெரும் வேதியியலாளரான லவாய்சியேயும் இருந்தார். கலவை வெடித்து இருவர் இறந்தனர். அந்நேரம் சற்று விலகிப் போயிருந்ததால் இவர்கள் தப்பினார்கள். அவர்களைவிட வேதியியல் தெரிந்தவர் அன்று யார்? குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வில்கூடப் பற்றும் என்பதால் 1894இல் பிரிட்டன் அந்தச் சேர்க்கையைத் தடைசெய்தது. இன்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பல, அதற்கும் முந்தைய நூல்களிலிருந்து எடுத்தவை. எந்த வரி எந்தக் காலத்தது என்று உங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"பயங்காட்டிக் கலையை அழிக்கிறார்" என்று இதன் கீழே சிலர் எழுதுவார்கள், தெரியும். நான் இந்தக் கலையை விரும்புகிறவன். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சுடர் கொஞ்சம் சூடேறினாலே வெளுத்துப்போகும் செம்பின் நீலத்தை ஒருவர் சரியாகக் கொண்டுவந்தால் எனக்குக் கண் கலங்கும். கோபமெல்லாம் என் பள்ளிக்கூடத்தின் மீதுதான். ஆய்வகம் இருந்தது, ஆண்டு முழுவதும் பூட்டியே இருந்தது. சுடர்ச் சோதனையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். ஒரு சிட்டிகை உப்பைச் சுடரில் காட்டி அந்த மஞ்சளைப் பார்க்க விட்டிருந்தால், எத்தனை பிள்ளைகள் இரவில் தனியறையில் திருட்டுத்தனமாகக் கலக்காமல் இருந்திருப்பார்கள்! தேர்வுக்கு மதிப்பெண் இல்லை என்பதற்காக ஒரு பாடத்தின் உயிரையே பூட்டிவைப்பது என்ன நியாயம்?

கேள்விக்கு வருகிறேன். வீட்டில் வேண்டாம். பல நாடுகளில் உரிமமின்றிச் செய்வது குற்றமும்கூட. உரிமம் பெற்றவர்களைத் தேடிப் போங்கள். குழல் சுற்றச் சொன்னால் சுற்றுங்கள். விகிதம் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பதில் வராது.