உடைந்து திரும்பினால்?

அன்புள்ள ஐயா,

வீடுகளில் சும்மா கிடக்கும் டிரில்லிங் மெஷின், ஏணி போன்றவற்றை அக்கம்பக்கத்தார் வாடகைக்கு எடுத்துக்கொள்ள ஒரு செயலி தொடங்க நினைக்கிறேன். தொழில்முனைவோர் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, 27 ஸ்லைடுகள் தயாரித்து, முதலீட்டாளர்கள் முன் மூன்று முறை பேசிவிட்டேன். மூன்று முறையும் “நல்ல யோசனை” என்றார்கள். பிறகு பேச்சே இல்லை. ஒருவர் மட்டும், “பொருள் உடைந்து திரும்பினால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். காப்பீடு ஏற்பாடு செய்வோம் என்றேன். பேசும்போது என் குரல் நடுங்குகிறது. அதைச் சரிசெய்ய என்ன வழி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அதற்காக யாரும் பணப்பையை மூடிவிடுவதில்லை. “நல்ல யோசனை” என்பது அந்த வட்டாரத்தில் “வேண்டாம்” என்பதன் மரியாதையான வடிவம். அதை மூன்று முறை கேட்டுவிட்டு நான்காவது முறைக்குக் குரலைப் பழக்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒருவரின் கேள்விதான். வந்திருந்தவர்களில் அவர்தான் உங்கள் யோசனையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்துத் தெருக்காரர் மெஷினை வாங்கிப் போகிறார். கான்கிரீட் சுவரில் வைத்து அழுத்துகிறார். மறுநாள் கருகிய வாடையோடு திரும்பி வருகிறது. “நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்கிறார். இப்போது உங்கள் செயலி என்ன செய்யும்? காப்பீடு என்றால், வாடகையில் எவ்வளவு அதற்குப் போகும்? மெஷின் முன்பே பழுதாக இருந்ததா என்று யார் பார்த்துச் சொல்வது? அந்த வழக்கு தீரும்வரை மெஷின்காரர் உங்களைப் பற்றித் தெருவெல்லாம் என்ன பேசுவார்? காப்பீடு என்ற ஒரு சொல்லைப் போட்டு இவை எல்லாவற்றையும் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நீங்கள் இன்னும் ஒரு மெஷினைக்கூட ஒருவருக்கும் வாடகைக்கு விட்டுப் பார்க்கவில்லை என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள், ஆனால் விட்டிருந்தால் கடிதத்தில் அந்தக் கதைதான் முதலில் வந்திருக்கும்.

1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்க முனைந்தார். காலில் போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்பது எவருக்கும் எழக்கூடிய சந்தேகம். அவர் கிடங்கு எதுவும் கட்டவில்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அந்தக் கடைக்கே போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். கணக்குப் பார்த்தால் கைநஷ்டம். ஆனால் வாங்குவார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஸாப்போஸ் என்று வளர்ந்த அந்த நிறுவனத்தை 2009இல் அமேசான் வாங்கியது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விட வழிசெய்யும் இணையதளமான ஏர்பிஎன்பியின் கதை. முன்பின் தெரியாதவரிடம் உடைமையை ஒப்படைக்கும் அதே சிக்கல். அதைத் தொடங்கியவர்கள் 2009இல், புது நிறுவனங்களுக்குப் பணமும் பயிற்சியும் தரும் ஒய் காம்பினேட்டரில் சேர்ந்தபோது, வாடிக்கையாளர்கள் இருக்கும் நியூயார்க்குக்குப் போங்கள் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரஹாம் அவர்களை அனுப்பினார். போய் வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, வீடுகளைத் தாங்களே நன்றாகப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். அப்படி இருந்தும் 2011இல் ஒரு வீட்டை வந்து தங்கியவர் சூறையாடிவிட்டுப் போனார். ஊரெல்லாம் பேச்சான பிறகுதான் 50,000 டாலர் வரை சேதத்துக்கு உத்தரவாதம் அறிவித்தார்கள். உங்களிடம் கேட்கப்பட்டது அதே கேள்வி, சிறிய அளவில், செலவில்லாமல்.

ஆகவே செயலியை ஓரமாக வையுங்கள். தெரிந்த ஐந்து வீடுகளில் பத்துப் பொருள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தொலைபேசி எண், ஒரு நோட்டு, இரண்டு மாதம். முன்பணம் கேட்டால் எத்தனை பேர் பின்வாங்குகிறார்கள், இரண்டாம் முறை யார் வருகிறார்கள் என்று எழுதி வாருங்கள். யாருமே வராமலும் போகலாம். அதுவும் இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் ஒருமுறை நானும் உட்கார்ந்திருந்தேன். மாலையாகிவிட்டதால் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துத் திரையில் போட்டார். கோணல் எழுத்து, காப்பிக் கறை. ஒரு வரிக்கு எதிரே சிவப்பு மையில் “மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. விலையா, நானா?” என்று எழுதியிருந்தது. அதைப் படிக்க முன்வரிசை முழுவதும் தலையை நீட்டியது. அவருக்கும் குரல் நடுங்கியது என்றுதான் நினைவு.

“இந்தச் சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும்” என்ற ஸ்லைடு உங்களிடம் நிச்சயம் இருக்கும். எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சதவீதத்தில் முதல் இருபது பேர் யார் என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எவ்வளவு பணம் வேண்டும், அது எத்தனை மாதம் ஓடும், அதற்குள் எதை நிரூபிப்பீர்கள் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

அந்தக் கேள்வி கேட்டவரின் முகவரி உங்களிடம் இருக்கும் அல்லவா? முதல் மெஷின் உடைந்து வந்ததும் அவருக்கு எழுதுங்கள்.